அதிரினலினைப் பிரித்தெடுத்த ஜோகிச்சி தகாமினே (1854 – 1922)

அறிமுகம்

மாணவர்களே, நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற பகுதிகளில் வாழும் உங்களுக்குக் குளவிக் கொட்டு என்பது புதிய செய்தியன்று. பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து மலைக்கு ஏறிய தொழிலாளர்கள் கொழுந்து பறித்துக் கொண்டிருக்கும்போது, உயர்ந்த மரத்தில் இருந்தோ தேயிலைச் செடியின் அடியில் இருந்தோ குளவிகள் கலைந்து வந்து கொட்டுவதுண்டு. கொட்டு வாங்கியவர்களுட் பெரும்பாலானோர் வலியுடனும் வீக்கத்துடனும் தப்பிவிடுவர். ஒரு சிலருக்கு மாத்திரம் சில நிமிடங்களிலேயே மூச்சு அடைத்து, நாடி தளர்ந்து, உயிர் ஆபத்து நேரிடும். கடும் ஒவ்வாமை என்பது இதுவே.

அவ்வேளையில் வைத்தியசாலையில் முதலாவதாகத் தொடையில் ஏற்றப்படும் ஊசி மருந்து எதுவெனத் தெரியுமா? அது அதிரினலின் ஆகும். விஞ்ஞான பாடத்தில் அகஞ்சுரக்கும் சுரப்பிகள் பற்றிக் கற்கும்போது நீங்கள் மனனம் செய்யும் அதே ஓமோன்தான் இங்கு மருந்தாகிறது. அதனை முதன்முதலில் தூய பளிங்காகப் பிரித்தெடுத்த யப்பானிய இரசாயனவியலாளர் ஜோகிச்சி தகாமினேயின் வாழ்க்கையையும், அம்மருந்து உயிரைக் காக்கும் முறையையும் இப்பகுதியில் நோக்குவோம்.

இளமையும் கல்வியும்

தகாமினே 1854 நவம்பர் 3 ஆம் திகதி யப்பானின் தகாஓகா என்னும் ஊரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே அவரது குடும்பம் கனசாவா நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் ஒரு வைத்தியர். மேலைத்தேய விஞ்ஞானத்தில் ஆர்வம் கொண்டவர். தாயாரின் குடும்பத்தினர் அரிசியிலிருந்து மது வடிக்கும் தொழிலைச் செய்துவந்தனர். ஒருபுறம் மருந்து, மறுபுறம் நொதித்தல். இவ்விரண்டும் பின்னாளில் அவரது ஆராய்ச்சியின் இரு கண்களாக அமைந்ததை நீங்கள் இப்பாடத்திற் காண்பீர்கள்.

அக்காலத்தில் யப்பான் வெளியுலகிற்குத் தன் கதவைத் திறக்கத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு வயதளவில் சிறுவன் தகாமினே வெளிநாட்டு மொழியையும் விஞ்ஞானத்தையும் கற்பதற்காகத் தூரத்து நாகசாகித் துறைமுகத்திற்கு அனுப்பப்பட்டார். பின்னர் தோக்கியோவில் அரசாங்கப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்து இரசாயனவியல் பயின்று 1879 இல் பட்டம் பெற்றார். சிறந்த மாணவர் என்பதால் அரசாங்கமே அவரை ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு உயர்கல்விக்காக அனுப்பியது. அங்கு கற்றுத் தேறி 1883 இல் தாயகம் திரும்பினார்.

அமெரிக்க வாழ்வும் எரிந்த ஆலையும்

1884 இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்த பெரும் கண்காட்சிக்கு யப்பானின் பிரதிநிதியாகத் தகாமினே சென்றார். அங்கு கரோலின் ஹிட்ச் என்னும் அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்து, 1887 இல் அவரை மணந்தார். யப்பானில் இரசாயன உரத் தொழிற்சாலை ஒன்றை நிறுவுவதிலும் முன்னின்றார்.

1890 இல் மனைவி மக்களுடன் மீண்டும் அமெரிக்கா சென்றார். தாயாரின் குடும்பத் தொழிலில் பயன்பட்ட கோஜி என்னும் பூஞ்சணத்தை அவர் மறக்கவில்லை. அப்பூஞ்சணம் மாப்பொருளை வெல்லமாக மாற்றும் நொதியத்தைச் சுரக்கும். அமெரிக்காவில் மது வடிப்பவர்கள் இவ்வேலைக்கு முளைவிட்ட வாற்கோதுமையையே நம்பியிருந்தனர். அதற்குப் பதிலாகக் கோஜியைப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்று தகாமினே காட்டினார். இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் இதற்கான ஆலை உருவாயிற்று. வாற்கோதுமையை முளைக்கவைத்து விற்றவர்கள் தம் பிழைப்புக் கெடும் என அஞ்சி எதிர்த்தனர். 1891 இல் அந்த ஆலை தீக்கிரையானது. தகாமினேயும் கடும் நோய்வாய்ப்பட்டார். அன்னிய மண்ணில் தொழிலும் இன்றி, உடல்நலமும் இன்றி அக்குடும்பம் தவித்தது.

எனினும் அவர் சோர்ந்து அமரவில்லை. அதே பூஞ்சணத்திலிருந்து நொதியத்தைப் பிரித்து, சமிபாட்டுக்கு உதவும் மருந்தாக்கி 1894 இல் காப்புரிமை பெற்றார். அது தகா டயஸ்டேஸ் எனப்பட்டது. டிட்ரோயிட் நகரின் பார்க் டேவிஸ் மருந்து நிறுவனம் அதனை விற்பனை செய்தது. மது வடிக்க உதவாது போன பொருள் மருந்தாகப் பயன்பட்டது. இந்த வருவாயைக் கொண்டு நியூயோர்க் நகரில் தமக்கென ஓர் ஆய்வுகூடத்தை அமைத்துக்கொண்டார்.

சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேற்பகுதியிலும் தொப்பி போன்று ஒரு சிறு சுரப்பி உண்டு என்பதை நீங்கள் கற்றிருப்பீர்கள். அதுவே அதிரினற் சுரப்பி. 1894 இல் இங்கிலாந்தின் வைத்தியர் ஜோர்ஜ் ஒலிவரும் உடற்றொழிலியலாளர் எட்வர்ட் ஷேஃபரும் இச்சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்கு ஏற்றியபோது குருதியமுக்கம் சடுதியாக உயர்வதைக் கண்டறிந்தனர். அச்சாற்றில் ஏதோ வலிமை மிக்க பதார்த்தம் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அது எது என்பதே வினா.

சாற்றை அப்படியே மருந்தாகப் பயன்படுத்த முடியாதா என நீங்கள் கேட்கலாம். அதில் பிரச்சினைகள் இருந்தன. சாறு விரைவில் கெட்டுப்போகும். ஒரு முறை எடுத்த சாற்றின் வலிமை மறுமுறை எடுத்ததன் வலிமைக்குச் சமமாக இராது. அளவு தெரியாத மருந்தை நோயாளிக்குக் கொடுப்பது ஆபத்து. எனவே அப்பதார்த்தத்தைத் தூய நிலையில் பெறுவது அவசியமாயிற்று. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஏபெல் பல ஆண்டுகள் இதில் உழைத்து, தாம் பெற்ற பொருளுக்கு எபிநெப்ரின் எனப் பெயரிட்டார். ஆயினும் அது தூய ஓமோன் அன்று. ஓமோனுடன் வேறொரு இரசாயனக் கூட்டம் இணைந்த சேர்வையே அவருக்குக் கிடைத்தது.

1900 ஆம் ஆண்டின் கோடைகாலம்

பார்க் டேவிஸ் நிறுவனம் இப்பணியைத் தகாமினேயிடம் ஒப்படைத்தது. 1900 இன் தொடக்கத்தில் கெய்சோ உஎனகா என்னும் இளைஞர் யப்பானிலிருந்து அவரது உதவியாளராக வந்து சேர்ந்தார். தாவரங்களிலிருந்து மருந்துப் பொருள்களைப் பிரிப்பதில் தோக்கியோவில் அவர் பயிற்சி பெற்றிருந்தார்.

கொல்களங்களிலிருந்து ஆடு, மாடுகளின் அதிரினற் சுரப்பிகள் பெறப்பட்டன. அவை நறுக்கப்பட்டு, சிறிது அமிலம் சேர்த்த வெந்நீரில் இட்டுச் சாறு எடுக்கப்பட்டது. இப்பதார்த்தம் வளியிலுள்ள ஒட்சிசனுடன் இலகுவில் தாக்கமுற்று நிறம் மாறிக் கெட்டுவிடும். ஆகவே வளி படாதவாறு சாற்றைச் செறிவாக்கினர். அற்ககோல் சேர்த்து வேண்டாத பொருள்களை வீழ்படிவாக்கி அகற்றினர். இறுதியில் அமோனியாவைச் சேர்த்தபோது நுண்ணிய பளிங்குகள் தோன்றின. 1900 ஜூலை மாதத்தில் உஎனகாவின் கைகளிலேயே இப்பளிங்குகள் உருவாயின. அவர் நாள்தோறும் எழுதிவந்த ஆய்வுக் குறிப்பேடு யப்பானில் இன்றும் பேணப்பட்டு வருகிறது.

அதே ஆண்டு நவம்பரில் தகாமினே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சிறுநீரகத்திற்கு அருகில் எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து அதிரினலின் என்ற பெயர் அமைந்தது. எபிநெப்ரின் என்பது சிறுநீரகத்தின் மேல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே மருந்தின் பெயர்களே. 1901 இல் தோமஸ் ஆல்ட்ரிச் என்பவர் இதன் மூலக்கூற்றுச் சூத்திரத்தைச் சரியாகத் துணிந்தார். ஒரு மூலக்கூற்றில் 9 காபன், 13 ஐதரசன், 1 நைதரசன், 3 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்ட முதலாவது ஓமோன் இதுவேயாகும். 1904 இல் ஜேர்மனியரான பிரீட்ரிக் ஷ்டோல்ட்ஸ் இதனை ஆய்வுகூடத்திற் செயற்கையாகத் தயாரித்தார். அதன் பின் மருந்துக்காக விலங்குகளின் சுரப்பிகளையே நம்பியிருக்கும் தேவை இல்லாமற் போயிற்று.

புகழும் இறுதிக் காலமும்

புகழ் பெரும்பாலும் தகாமினேயையே சேர்ந்தது. காப்புரிமை அவர் பெயரில் மாத்திரமே இருந்தது. ஆய்வுக் கட்டுரையையும் அவர் தனியாகவே வெளியிட்டார். பளிங்கைத் தம் கையாற் கண்ட உஎனகாவின் பெயரைப் பல காலம் பலரும் அறியவில்லை. வழியைக் காட்டிய ஏபெலின் உழைப்பும் மறக்கத்தக்கதன்று. விஞ்ஞானக் கண்டுபிடிப்புகள் தனி ஒருவரின் சாதனையாகச் சொல்லப்பட்டாலும், அவற்றின் பின்னால் பலரின் உழைப்பு உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணமாகும். பரீட்சையில் தகாமினேயின் பெயரை எழுதும்போது மற்றவர்களையும் நினைவிற் கொள்ளுங்கள்.

தகாமினே செல்வந்தரானார். 1913 இல் யப்பானின் சங்கியோ மருந்து நிறுவனத்தின் முதலாவது தலைவரானார். தமது நாட்டில் அடிப்படை விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேண்டும் என வலியுறுத்தினார். அதன் பயனாக 1917 இல் ரிகென் நிறுவனம் தோன்றியது. 1912 இல் வொஷிங்டன் நகருக்கு தோக்கியோ நகரின் அன்பளிப்பாக 3,020 செரி மரக்கன்றுகள் வந்தன. அதற்குப் பின்னால் நின்று செலவை ஏற்றவர் தகாமினேயே. முன்னர் 1910 இல் வந்த 2,000 கன்றுகள் நோயுற்றிருந்ததால் எரிக்கப்பட்டன. ஆலை எரிந்தபோது செய்தது போலவே, இங்கும் மறுபடி முயன்றே வெற்றி கிடைத்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்து உழைத்தபோதும், அந்நாட்டின் அன்றைய சட்டம் யப்பானியருக்குக் குடியுரிமை வழங்கவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்கள் உரிமை இழந்த வரலாற்றைக் கற்ற உங்களுக்கு இதன் வேதனை விளங்கும். 1922 ஜூலை 22 ஆம் திகதி, தமது 67 ஆவது வயதில், நியூயோர்க்கில் அவர் காலமானார்.

உங்களுக்குத் தெரியுமா?

கடும் ஒவ்வாமையை விளக்கியவர் பிரான்சிய உடற்றொழிலியலாளர் சார்ள்ஸ் ரிஷே ஆவார். 1901 இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்று, போல் போர்ட்டியே என்பவருடன் சேர்ந்து கடல்வாழ் உயிரிகளின் நஞ்சை ஆராய்ந்தார். நாடு திரும்பிய பின், கடற்சாமந்தியின் நஞ்சைச் சிறிதளவு நாய்களுக்கு ஏற்றினர். உடல் பழகிப் பாதுகாப்புப் பெறும் என எதிர்பார்த்தனர். நடந்ததோ எதிர்மாறு. முதல் முறை நஞ்சைத் தாங்கிய நெப்டியூன் என்ற நாய், மூன்று வாரம் கழித்து மீண்டும் சிறிதளவு ஏற்றியபோது அரை மணித்தியாலத்துக்குள் இறந்தது. 1902 இல் இந்நிலைக்கு அனபிலக்சிஸ் என ரிஷே பெயரிட்டார். 1913 இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சென்ற முறை குளவி கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை, ஆகவே இம்முறையும் ஆகாது என்று எண்ணுவது தவறு. முதற் கொட்டே உடலைத் தயார்ப்படுத்தி வைத்திருக்கக்கூடும்.

கடும் ஒவ்வாமையின்போது உடலில் நடப்பது என்ன?

முதல் முறை நஞ்சு உட்செல்லும்போது சிலரின் உடல் அதற்கெதிராக ஒரு வகைப் பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. அவை தோல், சுவாசக் குழாய் முதலிய இடங்களிலுள்ள மாஸ்ட் கலங்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுமுறை அதே நஞ்சு வந்ததும் அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலான இரசாயனப் பொருள்களை ஒரே நேரத்தில் வெளியிடும். அதனால் குருதிக் கலன்கள் விரிந்து, அவற்றிலிருந்து திரவம் வெளியே கசியும், குருதியமுக்கம் வீழும். தொண்டையும் நாக்கும் வீங்கும். சுவாசக் குழாய்கள் சுருங்கி மூச்சு இழுக்கும். உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் தோன்றலாம். வாந்தி, வயிற்று வலி, மயக்கம் என்பனவும் ஏற்படலாம்.

அதிரினலின் செய்யும் வேலை

1. விரிந்த குருதிக் கலன்களைச் சுருக்கிக் குருதியமுக்கத்தை உயர்த்தும், வீக்கத்தைக் குறைக்கும்.
2. இதயத் துடிப்பின் வேகத்தையும் வலிமையையும் கூட்டும்.
3. சுருங்கிய சுவாசக் குழாய்களை விரியச் செய்யும்.
4. மாஸ்ட் கலங்கள் மேலும் ஹிஸ்டமினை வெளியிடுவதைக் குறைக்கும்.

நோய் செய்யும் ஒவ்வொரு கேட்டிற்கும் இம்மருந்து நேர்மாறான வேலையைச் செய்வதைக் கவனியுங்கள். வேறெந்தத் தனி மருந்தும் இவை அனைத்தையும் இவ்வளவு விரைவாகச் செய்வதில்லை. ஒவ்வாமைக்குப் பழக்கமான பிரிட்டன் போன்ற மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும். ஆனால் அடைத்த மூச்சைத் திறக்கவோ வீழ்ந்த குருதியமுக்கத்தை உயர்த்தவோ அவற்றால் இயலாது. அதிரினலினை விழுங்கினாலும் பயனில்லை. உணவுக் கால்வாயிலும் ஈரலிலும் அது சிதைந்துவிடும். அதனாலேயே ஊசியாகத் தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கத் தசையில் ஏற்றப்படுகிறது.

ஒரு மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் கொண்ட சிறு கண்ணாடிக் குப்பிகளில் இம்மருந்து கிடைக்கிறது. வளர்ந்தவருக்கு வழமையாக 0.5 மில்லிகிராம் ஏற்றுவர். சிறுவர்க்கு உடல் நிறைக்கேற்ப அளவு குறையும். மருந்து உடலில் நெடுநேரம் தங்காது. குணம் தெரியாவிடின் 5 நிமிடங்களின் பின் மீண்டும் ஏற்றுவர். ஊசி ஏற்றிய பின் நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் இயல்பு. நிறம் மாறிய மருந்தைப் பயன்படுத்தலாகாது. ஒட்சியேற்றத்தால் கெடும் என்ற அதே இயல்பே உஎனகாவுக்கும் அன்று தொல்லை கொடுத்தது.

தோட்டத்தில் ஒருவரைக் குளவி கொட்டினால்

ஊசி ஏற்றுவது பயிற்சி பெற்றவரின் பணி. ஆனால் அந்த ஊசி இருக்கும் இடத்திற்கு நோயாளியை உயிருடன் சேர்ப்பது அருகில் நிற்பவர்களின் பணி. அங்கு நீங்களும் நிற்கக்கூடும்.

• தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விரைவாக விலகுங்கள், கொட்டுப்பட்டவரையும் விலக்குங்கள்.
• தேனீயின் கொடுக்கு தோலில் தங்கியிருந்தால் உடனே சுரண்டி அகற்றுங்கள். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்லாது.
• மூச்சுத் திணறல், குரல் அடைத்தல், நாக்கு வீக்கம், தலைச்சுற்று, மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதியாதீர்கள். 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடமாயின், கிடைக்கும் வாகனத்தில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.
• நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் கால் நீட்டி அமரவைக்கலாம். மலையிலிருந்து நடத்தி இறக்காதீர்கள், தூக்கிச் செல்லுங்கள். குருதியமுக்கம் வீழ்ந்தவர் எழுந்து நிற்பதும் நடப்பதும் உயிருக்கே ஆபத்தாகலாம்.
• மயங்கியவருக்கு நீரோ தேநீரோ கொடுக்காதீர்கள்.
• ஊசியால் குணமானவரும் சில மணித்தியாலங்கள் வைத்தியசாலையில் தங்க வேண்டும். அறிகுறிகள் மீண்டும் தோன்ற இடமுண்டு.

ஒவ்வாமை இல்லாதவரையும் பெருந்தொகையான குளவிகள் கொட்டினால் நஞ்சின் அளவே சிறுநீரகம் முதலிய உறுப்புகளைப் பாதிக்கும். அவரையும் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

மாணவர்களே, மருந்து 1901 முதல் உலகில் இருக்கிறது. ஆனால் மலையின் உச்சிக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் இருக்கிறது. அத்தூரத்தில் வீணாகும் நிமிடங்களைக் குறைப்பது உங்கள் அறிவு. இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றி, இன்று மாலையே வீட்டிலுள்ளவர்களிடம் சொல்வதற்காகவும் படியுங்கள்.

நினைவிற் கொள்க

1854 – தகாமினே பிறப்பு
1894 – சுரப்பிச் சாறு குருதியமுக்கத்தை உயர்த்துவது அறியப்படல்
1900 – அதிரினலின் பளிங்குகள் பெறப்படல்
1902 – ரிஷே அனபிலக்சிஸ் எனப் பெயரிடல்
1904 – செயற்கை அதிரினலின்
1922 – தகாமினே மறைவு

பயிற்சி வினாக்கள்

1. அதிரினலின் சுரக்கப்படும் சுரப்பி அமைந்துள்ள இடம் யாது?
2. சுரப்பியின் சாற்றை விடத் தூய அதிரினலின் மருந்தாகச் சிறந்தது ஏன்? இரு காரணங்கள் தருக.
3. காபன் 12, ஐதரசன் 1, நைதரசன் 14, ஒட்சிசன் 16 எனக் கொண்டு அதிரினலினின் சார் மூலக்கூற்றுத் திணிவைக் கணிக்க.
4. கடும் ஒவ்வாமையில் குருதியமுக்கம் வீழ்வது ஏன்? அதிரினலின் அதனை எவ்வாறு சீராக்குகிறது?
5. குளவி கொட்டி மயக்கமுற்ற தொழிலாளி ஒருவரை வைத்தியசாலை வரை நடத்திச் செல்ல ஒருவர் முற்படுகிறார். நீர் அவருக்குக் கூறும் ஆலோசனை யாது? காரணம் தருக.

விடைக் குறிப்பு: 1. சிறுநீரகங்களின் மேற்பகுதி. 2. சாறு விரைவில் கெடும். அதன் வலிமை மாறுபடும். 3. 108 + 13 + 14 + 48 = 183. வினா 4, 5 இற்கான விடைகளை மேலுள்ள பகுதிகளைக் கொண்டு சொந்த வசனங்களில் எழுதுக.